கவாத்து

எங்கள் வீட்டு முல்லை நான்கு வருடம் பூக்கவில்லை. பட்டும் போகவில்லை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கொடியைத்தான். கேட்டை ஒட்டிய சுவரில் ஏறி, மாடிப்படிக் கைப்பிடியைச் சுற்றி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிவரை போய், அதற்கு மேல் பிடிமானம் கிடைக்காமல் மறுபடி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல கரும்பச்சை. "டீச்சர் வீட்டுக் கொடி என்ன செழிப்பு பாருங்க" என்பார்கள். பூ எங்கே என்று கேட்டவர் ஒருவர்தான். சாயங்காலம் நாலரைக்குக் கூடையோடு வருகிற பூக்காரம்மா.

"இன்னா டீச்சர், சார் இருந்தப்ப கை கையா பறிச்சிக் குடுப்பாரு. இப்ப ஒரு மொக்குகூட காணமே?"

"தெரியலம்மா. தண்ணி ஊத்துறேன், உரம் போடுறேன்."

"வெட்னீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்பிடிப் பூக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் கொடியை நட்டது என் கணவர். 1998இல் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். அப்போது தெருவில் பாதி காலி மனை. மழைக்காலத்தில் தவளைச் சத்தம் விடிய விடியக் கேட்கும். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர். 1964இல் உருவான அந்த எஸ்டேட்டை நம்பித்தான் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் வீடு கட்டியிருந்தார்கள். காலையில் ஏழரை மணிக்குத் தெரு முழுக்க சைக்கிள்கள், டிபன் கேரியர்கள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் வேர்விட்ட முல்லைப் பதியன் கொண்டுவந்தார். கூட வேலை செய்தவர் கொடுத்தாராம். "நீ தமிழ் டீச்சர். வீட்டுல முல்லை இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

வருடா வருடம் ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொடிக்கு ஆபத்து. பட்டறையில் வீணான பவர் ஹாக்சா பிளேடைத் தீட்டி, மரக்கைப்பிடி போட்டு அவரே ஒரு கத்தி செய்து வைத்திருந்தார். அதையும் ஒரு கத்தரியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் அத்தனை பெரிய கொடி முழங்கால் உயரக் குச்சியாகிவிடும். தோட்டக்காரர்கள் இதைக் கவாத்து என்கிறார்கள். போலீஸ் மைதானத்தில் நடப்பதும் கவாத்துதான். இரண்டுக்கும் எப்படி ஒரே சொல் வந்தது என்று நான் வகுப்பில் பேசியதுண்டு. ஆனால் வீட்டில் நடந்ததைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். "பச்சைக் கொடிய இப்பிடி மொட்டையடிக்கிறீங்களே, பாவம் இல்லையா?" என்று கத்துவேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "மே மாசம் வந்து பேசு" என்பார்.

மே மாதம் நான் பேச மாட்டேன். பூக்கட்டவே நேரம் சரியாக இருக்கும்.

2020 செப்டம்பரில் அவர் போனார். மாரடைப்பு. ஊரடங்கு தளர்ந்துகொண்டிருந்த நேரம். அதிகம் பேர் வரவில்லை.

2021 ஜனவரி கடைசியில் கத்தியை எடுக்க யாரும் இல்லை. நான் எடுக்கவில்லை. அவர் கையால் வைத்த கொடி, அதை நான் வெட்டுவதா என்று நினைத்தேன். கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னேன். வெட்டுவதற்குப் பதிலாக ஊட்டினேன். அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், நர்சரிக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்த யூரியா. காலையும் மாலையும் தண்ணீர். கொடி நன்றாக வளர்ந்தது. வளர்ந்தது மட்டும்தான்.

இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீடியோ காலில் கொடியைப் பார்ப்பாள். அவள் குடியிருக்கும் வாடகை வீட்டு வேலியில் க்ளெமாட்டிஸ் என்று ஒரு கொடி. ஊதா நிறத்தில் கையகலப் பூ. ஒரு பிப்ரவரியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, அனுமதி கேட்டுக்கொண்டு, அதைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டிப்போட்டாராம். இவள் பதறியிருக்கிறாள். அந்த ஊர்க்காரர்கள் க்ளெமாட்டிஸை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய தண்டில் சீக்கிரமே பூப்பது ஒன்று. பழைய தண்டில் ஒரு தடவையும் புதுத் துளிரில் இன்னொரு தடவையும் பூப்பது இரண்டாவது. புதுத் துளிரில் மட்டும் பூப்பது மூன்றாவது. முதல் வகையை வெட்டினால் அந்த வருடப் பூ போய்விடும். மூன்றாவது வகையை வெட்டாமல் விட்டால் கீழே வெறும் குச்சியும், எங்கோ உச்சியில் நாலு பூவும்தான் மிஞ்சும். "நம்ம முல்லை மூணாவது வகைம்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் படித்துப் பார்த்தேன். முல்லையும் புதிதாக வருகிற துளிரின் நுனியிலும் பக்கக் கிளைகளிலும்தான் மொட்டு வைக்கும். ஒரு தண்டின் நுனி வளர்ந்துகொண்டே இருக்கும்வரை, அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற பொருள் கீழே இறங்கி, கணுக்களில் இருக்கும் மொட்டுகளைத் தூங்கவைத்துவிடுகிறது. நுனியை வெட்டினால் தடை நீங்கி, ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து கிளைக்கும். கிளை கூடினால் பூ கூடும். கவாத்துக்கு மாதக்கணக்கும் உண்டு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. முல்லையைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. என் கணவர் படித்துச் செய்யவில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள், அவர் செய்து பார்த்திருப்பார்.

உரத்திலும் என் கை தவறியிருந்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. பெயரே சொல்கிறது, அது தழைக்கு. பூவுக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேண்டும். தழைச்சத்து ஒரு பங்கு என்றால் மற்ற இரண்டும் இரண்டிரண்டு பங்கு என்பது முல்லைக்குச் சொல்லப்படும் கணக்கு. நான் ஒன்றை மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறேன். போதாததற்கு 2022இல் மேற்கே இருந்த காலி மனையில் மூன்று மாடி எழும்பி, மத்தியானத்துக்கு மேல் வெயில் இல்லாமல் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வாசலில் இரண்டு நாள் கணுக்கால் தண்ணீர் நின்றது. வேர் மூச்சுத் திணறியிருக்கும்.

இத்தனையும் தெரிந்துகொண்டேன். 2024 ஜனவரி கடைசியும் வந்தது. அப்போதும் நான் வெட்டவில்லை.

எங்களிடமிருந்து ஆவடிப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் திருமுல்லைவாயில். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருகிற நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், இங்கே கொடியிடையம்மன் என்று மூன்று கோயிலும் ஒரே நாளில் பார்ப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம். அந்தத் தலத்தின் கதை ஒரு முல்லைக் கொடியை வெட்டிய கதை. படை நடத்திப் போன தொண்டைமான் சக்கரவர்த்தியின் யானைக்கால் முல்லைப் புதரில் சிக்கிக்கொள்கிறது. அரசன் வாளை எடுத்துக் கொடியை வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் ரத்தம். உள்ளே இருந்தது லிங்கம். பதறிப்போய் அதே வாளால் தன் தலையை அரிந்துகொள்ளப் போகிறான். இறைவன் தடுத்து, காயம்பட்டாலும் நான் மாசில்லாத மணிதான் என்கிறார். மாசிலாமணீஸ்வரர் என்ற பெயருக்குச் சொல்லப்படும் காரணம் அது. இன்றும் மூலவருக்குச் சந்தனக் காப்பு இருக்கிறது. வெட்டுப்பட்ட காயம் ஆற என்று சொல்வார்கள்.

எத்தனையோ தடவை கேட்ட கதை. அந்த வருடம் கோயிலில் வரிசையில் நிற்கும்போது, எனக்கும் அந்தப் பயம்தான் என்று தோன்றியது. வெட்டினால் உள்ளே எதன்மேல் படுமோ என்ற பயம். வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து யோசித்தபோது அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது.

முழு உண்மை இது. காரியத்துக்கு முந்தின நாள் இரவு எனக்குப் புதுப்புடவை கட்டி, கை நிறைய வளையல் போட்டு, தலை நிறையப் பூ வைத்தார்கள். கடைசியாக ஒரு தடவை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தெருக்கோடிப் பூக்கடை அப்போது திறந்திருக்கவில்லை. வாசலில் கொடி நிறைய முல்லை இருந்தது. யாரோ பறித்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள். என் தலையில் வைத்து எடுத்த பூ அவர் வைத்த கொடியின் பூ.

நான் அந்தக் கொடியைப் பூக்கவிடாமல் வைத்திருந்தேன். யூரியாவும் தண்ணீரும் கொடுத்து, வெட்டாமல், யாரும் குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தேன்.

எம்.ஏ. படிக்கும்போது புறநானூற்றின் 242ஆம் பாட்டு எனக்கு மனப்பாடம். குடவாயில் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான். இனி இளைஞர் முல்லையைச் சூட மாட்டார்கள், பெண்கள் பறிக்க மாட்டார்கள், பாணனும் பாடினியும் அணிய மாட்டார்கள். அவன் போன பிறகும் இந்த நாட்டில் நீ பூக்கிறாயா முல்லையே என்று புலவர் கேட்கிறார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, "பூவிடம் கோபித்துக்கொள்ளும் அளவுக்குத் துக்கம்" என்று விளக்கியிருக்கிறேன். இன்னொரு விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கேள்வி கேட்கப்படும் நேரத்தில் முல்லை பூத்துத்தான் இருக்கிறது. புலவர் கோபிக்கிறார், ஆனால் கொடியின் மேல் கை வைக்கவில்லை. நான் கேள்வியே எழாதபடி பார்த்துக்கொண்டேன்.

2025 ஜனவரியில் பூக்காரம்மாவை நிறுத்தி, "வெட்டலாம்னு இருக்கேன். எப்பிடின்னு சொல்லுங்க" என்றேன். அவர் பிறந்த வீடு திருவள்ளூர் பக்கம். அண்ணன்மாருக்கு மல்லித் தோட்டம். கூடையை இறக்கி வைத்துவிட்டு, முதல் தடவையாக எங்கள் படியில் உட்கார்ந்தார்.

"மொதல்ல தண்ணிய நிறுத்துங்க. ஒரு பத்து நாள் காயட்டும். அப்பால வெட்டுங்க. வெட்டிட்டு நிக்கிற எலையும் உருவிடணும். வேரைச் சுத்தி மண்ணைக் கொத்தி ரெண்டு நாள் வெயில் காட்டி, சாணி எருவு போட்டு, அப்புறம்தான் தண்ணி."

ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கோ ஒலிபெருக்கியில் கொடியேற்றப் பாட்டு. பரணிலிருந்து அவர் கத்தியை இறக்கினேன். நாலு வருடத் துரு. எண்ணெய் போட்டுத் துடைத்து, படிக்கல்லில் தீட்டினேன். மேலிருந்து ஆரம்பித்தேன். தொட்டியைச் சுற்றியதை அவிழ்த்து, கைப்பிடியைச் சுற்றியதை அறுத்து, ஒவ்வொரு கட்டாகக் கீழே தள்ளினேன். உள்ளே போகப் போக வெறும் காய்ந்த குச்சி, ஒட்டடை, ஒரு பழைய குருவிக்கூடு. வெளியே தெரிந்த பச்சை ஒரு சாண் கனம்தான்.

கடைசியில் அடித்தண்டுகள் மட்டும் நின்றன. எவ்வளவு விடுவது? முழங்கால் என்றால் யார் முழங்கால்? அளவு நாடா தேடி உள்ளே போகத் திரும்பியபோது சுவரைப் பார்த்தேன். இலைக்குப் பின்னால் வருடக்கணக்காக மறைந்திருந்த இடத்தில், சுண்ணாம்பைக் கீறி ஒரு கோடு. நேரான கோடு. பட்டறையில் இரும்பைக் கடைவதற்கு முன் மார்க்கிங் போடுவார்களே, அதே ஊசியால் போட்டது. அளவு போடாமல் அவர் எதையும் வெட்ட மாட்டார். நாடா கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். தரையிலிருந்து 46 சென்டிமீட்டர்.

கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் கோட்டுக்கு வெட்டினேன்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. காலையில் தெருவில் எல்லாரும் நின்று விசாரித்தார்கள். "ஐயோ, சாரு வச்சது இல்ல?" என்றார் எதிர்வீட்டம்மா. "அவரும் இப்பிடித்தாம்மா வெட்டுவாரு" என்றேன். சொல்லும்போது குரல் சாதாரணமாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

பிறகு நடந்ததெல்லாம் வேலைதான். இரண்டு கூடை மக்கிய சாணி எரு, மணிச்சத்துக்கு எலும்புத்தூள், சாம்பல்சத்துக்கு இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரிச்சாம்பல். யூரியா பொட்டலத்தைத் தூக்கிப்போட்டேன். பதினைந்து நாளில் குச்சியில் செம்பச்சைப் புள்ளிகள். மார்ச்சில் ஒரு முழத் துளிர்கள். மேற்கில் வெயில் இல்லாததால், கயிறு கட்டிக் கிழக்குப் பக்கத்துப் படிக்கட்டுக்கு அவற்றைத் திருப்பினேன். நடுவில் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதோடு சாம்பலையும் கை நிறையப் போட்டிருந்தேன். காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கிற இரும்பு உப்பை, லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தேன். பச்சை திரும்பியது.

ஏப்ரல் கடைசியில் மொட்டு. எண்ணினேன், பதினொன்று. ஒன்றுகூட விரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஊசிமுனை ஓட்டை, ஊதா நிறம், மெல்லிய நூலாம்படை. "மொக்குப் புழு டீச்சர். அத்தனையும் கிள்ளி நெருப்புல போடுங்க. வேப்பெண்ணெய் அடிங்க" என்றார் பூக்காரம்மா. நான் தூக்கிப்போடவில்லை. ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை அடித்தேன். நான்கு வருடம் ஏதாவது ஒரு காரணத்துக்கு அதை விட்டு விலகியிருந்தவள், தினமும் காலையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மொட்டு மொட்டாகப் பார்த்தேன்.

மே இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் படிக்கட்டுப் பக்கம் வாசனை வந்தது. பார்ப்பதற்கு முன்னால் வாசனைதான் வந்தது.

ஒரு தட்டில் பறித்தேன். கட்டினால் ஒரு முழம் வரும். வாழைநாரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுருக்கு. விரல் மறக்கவில்லை. பாதியை அவர் படத்துக்குப் போட்டேன். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கேட் சத்தம். பூக்காரம்மா.

கையில் இருப்பதைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். "வச்சிக்கிங்க டீச்சர்" என்றார்.

"நானா?"

"நீங்கதான ஊட்டினீங்க. அப்புறம் யாரு வைக்கிறது?"

அவர் தலையைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அன்றுதான் கவனித்தேன். அவர் தலையில் நான் பூ பார்த்ததே இல்லை. நான் பார்ப்பது தெரிந்து, "அது போயி முப்பது வருசம் ஆவுது. ஊருக்கெல்லாம் முழம் போடுறேன்" என்று சிரித்தார்.

இருந்ததை இரண்டாகக் கிள்ளினேன். ஒன்றை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி மோந்து பார்த்தார். தலையில் வைக்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, சில்லறைக்கு மேல் வைத்து இழுத்துக் கட்டினார். "வாசம் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டு கூடையைத் தூக்கினார்.

நான் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று வைத்துக்கொண்டேன். ஹேர்பின் எங்கே என்று தேடவே பத்து நிமிடம் ஆனது. அன்று வெளியே போகவில்லை. மறுநாள் பால் வாங்கப் போகும்போதும் எடுக்கவில்லை. எதிர்வீட்டம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம், "டீச்சர், எனக்கும் கொஞ்சம் மொக்கு குடுங்க" என்று வந்து நின்றார்.

இந்த ஜனவரியிலும் வெட்டினேன். கத்தியில் இப்போது துரு இல்லை. சுவரில் அந்தக் கோடு வெயில் பட்டு மங்குகிறது. ஆணியால் அதன் மேலேயே இன்னொரு தடவை கீறி வைத்தேன்.